மூணு மா நிலமும் ஒரு பி.ஏ. பட்டமும்

தை மாதக் கடைசியில் ஒரு ராத்திரி ஊரிலிருந்து போன். பெரியப்பா மகன். தஞ்சாவூர் ஜில்லாவில் விவசாயம் பார்க்கும் அண்ணன்.

"தம்பி, இவ என்னமோ பாலிடிக்ஸ் படிக்கப் போறேங்கிறா. நீயாச்சும் கொஞ்சம் எடுத்துச் சொல்லேன்."

"எந்தக் கட்சின்னு கேட்டீங்களாண்ணே?" என்று ஜோக்கடித்தேன். அண்ணன் சிரித்தார். போனைப் பிடுங்கிய பெண் சிரிக்கவில்லை. "சித்தப்பா, கட்சி இல்ல. இன்டர்நேஷனல் பாலிடிக்ஸ். சர்வதேச அரசியல். டிகிரி" என்றாள்.

இருபது வருஷமாகப் பத்திரிகையில் அரசியல் எழுதிப் பிழைக்கிறவன் நான். என் வாயில் முதலில் வந்தது கேலி. உங்கள் வாயிலும் அதுதான் வந்திருக்கும், மறுக்காதீர்கள். இன்ஜினீயரிங் என்றால் 'எந்தக் காலேஜ்?' என்கிறோம். மெடிக்கல் என்றால் 'கட் ஆஃப் எவ்வளவு?' என்கிறோம். அரசியல் படிக்கிறேன் என்றால் மட்டும் சிரிக்கிறோம். அதுவும் எந்த ஊரில்? டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு புடின் அடுத்து என்ன செய்யவேண்டும் என்று யோசனை சொல்லுகிற டெல்டாவில்!

மனசு கேட்காமல் மாசி பிறந்ததும் ஊருக்குப் போனேன். பெண் அரசுப் பள்ளி, ஆர்ட்ஸ் குரூப். வடக்கே ஒரு தனியார் பல்கலைக்கழகத்துக்கு அவளே விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தாள். அதில் ஒரு கேள்வி: 'இந்தப் பாடத்தை ஏன் படிக்க விரும்புகிறீர்கள்?' அவள் எழுதியிருந்ததை வாங்கிப் படித்தேன். சிறு வயதிலிருந்தே உலக சமாதானத்தில் ஆர்வம். ஐக்கிய நாடுகள் சபை மகத்தானது. இந்தியா வல்லரசாக வேண்டும். நெட்டில் நாலு மாதிரிக் கட்டுரை பார்த்து எழுதியதாம். அதே நாலைப் பார்த்து எத்தனை ஆயிரம் பேர் எழுதியிருப்பார்களோ!

"உங்கப்பா எங்கம்மா?"

"கொள்முதல் நிலையத்துல படுத்திருக்காங்க சித்தப்பா. நாலு நாளாச்சு. மழை பேஞ்சு நெல்லு ஈரமாயிட்டுது, ஈரப்பதம் 17-க்கு மேல போவுதுன்னு இன்னும் எடை போடல."

"அதை எழுது."

"அதுக்கும் இன்டர்நேஷனலுக்கும் என்ன சித்தப்பா சம்பந்தம்?"

நியாயமான கேள்வி. பன்னிரண்டு வருஷம் படித்த பிள்ளைக்கு அந்த சம்பந்தத்தை யாரும் சொல்லித்தரவில்லை. உங்களுக்கும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். எனக்கே நாற்பது வயதுக்கு மேல்தான் உறைத்தது.

அண்ணன் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருக்கும் நெல்லுக்கு அரசாங்கம் ஒரு ஆதார விலை தருகிறது அல்லவா? அதற்கு ஜெனிவாவில் ஒரு கடிவாளம் இருக்கிறது. 1995-ல் வந்த உலக வர்த்தக அமைப்பின் வேளாண் ஒப்பந்தப்படி, இந்தியா மாதிரி நாடு ஒரு பயிருக்குத் தரும் இந்த வகை ஆதரவு, அந்தப் பயிரின் உற்பத்தி மதிப்பில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தாண்டுகிறதா என்று எப்படிப் பார்க்கிறார்கள்? இன்றைய ஆதார விலையை 1986-88ம் வருஷத்து விலையோடு ஒப்பிட்டு! நான் பி.காம். படித்தபோது அக்கவுண்டன்சி நோட்டில் இப்படி ஒரு கணக்கு எழுதியிருந்தால் வாத்தியார் நோட்டை ஜன்னல் வழியாக வீசியிருப்பார். உலகம் ஏற்றுக்கொண்டு கையெழுத்துப் போட்டிருக்கிறது. நாமும்தான். 2018-19 கணக்கில் அரிசி அந்த 10 சதவீதக் கோட்டைத் தாண்டிவிட்டது. 2013-ல் பாலி மாநாட்டில் போராடி வாங்கி வைத்திருந்த 'சமாதான ஷரத்து' என்ற தற்காலிகக் குடையை விரித்துத்தான் இந்தியா தப்பித்தது. அந்தக் குடையை விரித்த முதல் நாடே நாம்தான்.

வயலுக்குப் போடுகிற பொட்டாஷ் முழுக்க முழுக்க வெளிநாட்டுச் சரக்கு. ரஷ்யா, பெலாரஸ், கனடா என்று வருகிறது. 2022 பிப்ரவரியில் உக்ரைனில் குண்டு விழுந்தது. இங்கே உரக்கடையில் விலை ஏறியது.

சரி, காவிரிக்கு வருவோம். அது இரண்டு மாநிலத் தகராறு, அதில் எங்கே சர்வதேசம் என்று கேட்பீர்கள். 1924 ஒப்பந்தம் யாருக்குள் நடந்தது? மைசூர் சமஸ்தானத்துக்கும் வெள்ளைக்காரனின் மதராஸ் மாகாணத்துக்கும். அது கிடக்கட்டும், பழைய கதை. 2018 பிப்ரவரி 16-ம் தேதி உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பை எடுத்துப் பாருங்கள். 2007-ல் நடுவர் மன்றம் கர்நாடகம் விடவேண்டும் என்று சொன்ன 192 டி.எம்.சி.யை 177.25 ஆகக் குறைத்த தீர்ப்பு. அதில் பேசப்படுகிற சட்டம் என்ன தெரியுமா? ஹெல்சிங்கி விதிகள்! 1966-ல் பின்லாந்துத் தலைநகரில் சர்வதேசச் சட்ட சங்கம் கூடி, பல நாடுகளில் ஓடும் நதிகளை எப்படிப் பங்கு போடுவது என்று எழுதி வைத்த விதிகள். மேட்டூரைக் கண்ணால் பார்த்திராத ஆட்கள் எழுதியது.

அதற்கு முன்னால் உலகத்தில் வேறொரு வாதம் இருந்தது. 1895-ல் ரியோ கிராண்டே நதிக்காக மெக்சிகோ முறையிட்டபோது, அமெரிக்காவின் அட்டர்னி ஜெனரல் ஹார்மன் என்பவர், 'என் நாட்டில் ஓடுகிற தண்ணீரை நான் என்ன வேண்டுமானாலும் செய்வேன்' என்கிற தினுசில் கருத்து எழுதிக் கொடுத்தார். கேட்ட குரல் மாதிரி இருக்கிறதா? அப்படிச் சொன்ன அமெரிக்காவே 1906-ல் மெக்சிகோவோடு ஒப்பந்தம் போட்டுத் தண்ணீர் கொடுத்தது. மேலே இருக்கிறவனுக்கு முழு உரிமை கிடையாது, நியாயமான பங்கீடுதான் என்று உலகம் மெல்ல மெல்ல வந்து சேர்ந்த இடம்தான் ஹெல்சிங்கி. நமக்கு சாதகமான தத்துவம். ஆனால் அதே தத்துவம்தான் தமிழ்நாட்டின் நிலத்தடி நீரில் 10 டி.எம்.சி.யைக் கணக்கில் சேர்த்தது, உலக அந்தஸ்து பெற்ற நகரம் என்று பெங்களூருக்கு 4.75 டி.எம்.சி.யைத் தூக்கிக் கொடுத்தது. இரண்டையும் கூட்டினால் நாம் இழந்த 14.75. இந்த வாதம் எங்கே ஜெயித்தது, எங்கே தோற்றது என்று உட்கார்ந்து படிக்க டெல்டாவில் பத்துப் பிள்ளைகளாவது வேண்டாமா?

இன்னும் தெற்கே வாருங்கள். மல்லிப்பட்டினம், நாகப்பட்டினம் படகுகள். கச்சத்தீவுக்கு 1974-ல் ஒரு ஒப்பந்தம், 1976-ல் இன்னொன்று. தீவு யாருக்கு என்று பேசியது முதலாவது. ஒருவர் கடலில் இன்னொருவர் மீன் பிடிக்கக் கூடாது என்று அடைத்தது இரண்டாவது. மேடையில் முழங்குகிற பாதிப் பேருக்கு இந்த வித்தியாசம் தெரியாது. முதல் ஒப்பந்தத்தைத் திட்டிவிட்டு இறங்கிவிடுவார்கள். ஜெயிலுக்குப் போகிற மீனவனுக்கு இரண்டாவதுதான் முக்கியம்.

இத்தனையும் சொன்ன பிறகு அந்தப் பெண் புதிதாக எழுத உட்கார்ந்தாள். முதல் வரியில் அப்பா வந்தார், தார்ப்பாய் வந்தது, 17 சதவீதம் வந்தது. நல்ல கட்டுரை. இடமும் கிடைத்தது, கொஞ்சம் ஸ்காலர்ஷிப்போடு. மீதி ஃபீஸ் வருஷத்துக்குச் சில லட்சம். மூணு வருஷம்.

அண்ணன் வாசலுக்கு வந்து, பெண் காதில் விழாமல் கேட்டார். "மூணு மாவை வித்துடலாமாடா தம்பி?"

தஞ்சாவூர்க்காரர்களுக்கு மா என்றால் தெரியும். மூணு மா ஒரு ஏக்கர். நெல்லின் அரசியலைப் படிக்க நெல் விளைகிற நிலத்தை விற்க வேண்டும்! வேண்டாம் என்று சொன்னேன். சொன்னது சரியா என்று இன்றைக்கும் எனக்கு நிச்சயமில்லை.

வேறு வழியே இல்லையா? தேடினோம். டெல்லி ஜே.என்.யூ.வின் சர்வதேசக் கல்விப் புலத்துக்கு உலகப் பெயர்; ஆனால் அங்கே எம்.ஏ.யிலிருந்துதான் ஆரம்பம். கேரள மத்தியப் பல்கலைக்கழகத்தில் பி.ஏ. சர்வதேச உறவுகள் இருக்கிறது. 2022-லிருந்து க்யூட் என்ற அகில இந்தியத் தேர்வு எழுதி வரவேண்டும். தேர்வைத் தமிழில் எழுதலாம். உள்ளே போனால் பாடம் இங்கிலீஷில். அந்தத் தேர்வுக்கு நகரத்துப் பிள்ளைகள் கோச்சிங் போகிறார்கள். நம் பெண் இரவல் போனில் மாதிரி வினாத்தாள் போட்டுப் பார்த்தாள். இடம் வரவில்லை. டெல்டாவின் அரசுக் கல்லூரிகளில் இந்தப் பெயரில் ஒரு பி.ஏ. எங்கள் கண்ணில் படவில்லை. கடைசியில் பக்கத்து அரசுக் கல்லூரியில் வரலாறு.

"வேலைக்கு ஆகாத படிப்பு சார்" என்று கடிதம் எழுதப் போகிற நண்பரே, கொஞ்சம் பொறுங்கள். கேம்பஸ் இன்டர்வியூ வராது, ஒப்புக்கொள்கிறேன். வெளியுறவுப் பணிக்கு எந்த டிகிரியும் போதும், அதுவும் உண்மை. ஆனால் என் பி.காமை முடித்துவிட்டு என்னோடு படித்தவர்களில் எத்தனை பேர் ஆடிட்டர் ஆனார்கள்? ஒரு கை விரல் போதும். ஒருத்தன் கூத்தாநல்லூரில் டிராவல் ஏஜென்சி வைத்திருக்கிறான். வளைகுடாவில் ஒரு சட்டம் மாறினால் அவன் கடை ஷட்டர் இறங்குகிறது. அவனுக்கு உபயோகப்படுவது டெபிட், கிரெடிட்டா, உலக அரசியலா?

இன்னொரு சமாதானமும் சொல்வார்கள். 'இதெல்லாம் டெல்லிக்காரன் சமாச்சாரம்.' அப்படியா? வலங்கைமான் தெரியுமா உங்களுக்கு? கும்பகோணத்துக்குப் பக்கத்தில், பாடைக்காவடி எடுக்கிற ஊர். அங்கே 1869-ல் ஓர் ஏழைப் புரோகிதர் வீட்டில் பிறந்த வி.எஸ். சீனிவாச சாஸ்திரி, கும்பகோணம் அரசுக் கல்லூரியில் படித்து, பள்ளிக்கூட வாத்தியாராகி, 1921-ல் ஜெனிவாவில் சர்வதேச சங்கத்தில் இந்தியப் பிரதிநிதியாக உட்கார்ந்தார். 1927-ல் தென்னாப்பிரிக்காவுக்கு இந்தியாவின் முதல் ஏஜென்ட். 1948 ஜனவரியில் ஐ.நா. பாதுகாப்பு சபையில் காஷ்மீருக்காக இந்தியத் தரப்பைப் பேசிய கோபாலசாமி அய்யங்கார் தஞ்சை ஜில்லாவில் பிறந்தவர். அவர் மகன் ஜி. பார்த்தசாரதிதான் ஜே.என்.யூ.வின் முதல் துணைவேந்தர்.

இவர்கள் என்ன சமூகம் என்று உங்களுக்குத் தெரியும். அன்றைக்கு அந்த வாசல் அக்ரஹாரத்தோடு நின்றது. வயலில் நின்றவன் பிள்ளைக்குத் திறக்கவில்லை. எவ்வளவோ போராடி அந்தக் கதவை உடைத்தோம் என்று பெருமைப்படுகிறோம். இப்போது அதே இடத்தில் ஃபீஸ் ஒரு கதவு, இங்கிலீஷ் ஒரு கதவு. உடைத்தவர்கள் வாரிசு என்று சொல்லிக்கொள்கிற எந்தக் கட்சியாவது இந்தக் கதவைப் பற்றிப் பேசிக் கேட்டிருக்கிறீர்களா?

உலகத்தில் முதன்முதலாக சர்வதேச அரசியலுக்கென்று ஒரு துறை தொடங்கிய இடம் லண்டன் கிடையாது, பாரிஸ் கிடையாது. வேல்ஸ் கடற்கரையில் ஆபெரிஸ்ட்வித் என்ற சின்ன ஊர். சுற்றிலும் ஆடு மேய்க்கிற குன்றுகள். முதல் உலகப் போரில் செத்துப்போன அந்த ஊர்க் கல்லூரி மாணவர்களின் நினைவாக டேவிட் டேவிஸ் என்ற எம்.பி.யும் அவர் சகோதரிகளும் பணம் கொடுத்து 1919-ல் ஆரம்பித்தார்கள். எங்கோ எடுத்த முடிவில் எங்கள் பிள்ளைகள் செத்தார்கள், அந்த முடிவுகளை எப்படி எடுக்கிறார்கள் என்று எங்கள் ஊரிலேயே படிக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றியது. அந்தத் துறை இன்றும் நடக்கிறது.

நான் கேட்பது பெரிய விஷயமில்லை. கும்பகோணம் அரசுக் கல்லூரியிலோ, தஞ்சை சரபோஜி கல்லூரியிலோ, திருவாரூரிலோ ஒரே ஒரு பி.ஏ. அறுபது சீட். தமிழிலும் நடத்துங்கள். முதல் வருஷம் காவிரியும் ரியோ கிராண்டேவும், இரண்டாம் வருஷம் நெல்லும் ஜெனிவாவும், மூன்றாம் வருஷம் பாக் ஜலசந்தி. இஸ்ரோவும் ஐ.ஐ.டி.யும் கேட்கவில்லையே, நாலு வாத்தியார், ஒரு நூலகம், அவ்வளவுதானே கேட்கிறேன்? துணைவேந்தர்கள் யாராவது இதைப் படித்தால், எத்தனை லட்சம் செலவு என்று கணக்குப் போட்டுத் தரவும் தயார். அதற்கு மட்டும் என் பி.காம். போதும்.

போன வாரம் அண்ணன் மகளிடமிருந்து ஒரு வாட்ஸ்அப். "சித்தப்பா, ஹெல்சிங்கி ரூல்ஸ் தமிழ்ல கிடைக்குமா? இங்கிலீஷ்ல படிச்சா அஞ்சாவது ஷரத்து பாதி புரியல. அப்பாவும் என்னன்னு கேக்குறாங்க."

தேடிக்கொண்டிருக்கிறேன். உங்களில் யாரிடமாவது மொழிபெயர்ப்பு இருந்தால் பத்திரிகை முகவரிக்கு அனுப்பி வையுங்கள். ஜெராக்ஸ் செலவு என்னுடையது.