தையல் இயந்திரம் தந்தீர், நூல் எங்கே?

மேடை அமைகிறது. மங்கல விளக்கு ஏற்றப்படுகிறது. மாலை சூடிய பிரமுகர் ஒருவர், கணவனை இழந்த பெண்ணொருத்தியிடம் தையல் இயந்திரம் ஒன்றை ஒப்படைக்கின்றார். புகைப்படக் கருவி கண் சிமிட்டுகிறது. “வாழ்வாதாரம் வழங்கி வைப்பு” என்று மறுநாட் செய்தி பறைசாற்றுகிறது. பிரமுகரின் கடமை அத்துடன் முடிந்தது. அப்பெண்ணின் கவலையோ அன்றுதான் தொடங்குகிறது.

2009 இல் போர் ஓய்ந்த நாள் முதல் இக்காட்சி எத்தனை தடவை அரங்கேறிவிட்டது! வடக்கிலும் கிழக்கிலும் 89,000 விதவைகள் உளர் என்று 2010 இல் அரசின் பிரதியமைச்சர் ஒருவரே கூறினார். அவர்களுட் பலருக்குச் சமூகம் காட்டிய வழி, “தைத்துப் பிழையுங்கள்” என்பதே. எதைத் தைப்பது? எந்த நூலால்? எங்கே விற்பது? என்ன விலைக்கு? இவற்றுக்கு விடை சொல்ல மேடையில் ஒருவரும் இல்லை. ஏர் கொடுத்துவிட்டு, நிலமும் விதையும் நீரும் இன்றி உழச் சொன்னால் நம் உழவர் நகையாரோ? தையற்காரிக்கு மட்டும் அந்த நீதி போதுமென்பது எவ்வகை அறம்?

வெள்ளவத்தைக் காலி வீதிக்கு வாருங்கள். முப்பத்தோராம் நாட் சடங்குக்கெனக் கைக்குழந்தைக்கு உடுப்பு வாங்க ஒரு குடும்பம் கடையேறுகிறது. கண்ணைப் பறிக்கும் நிறங்களில் சட்டைகள், தொப்பிகள், காலுறைகள். கழுத்துப் பட்டியைத் திருப்பிப் பாருங்கள். சீனம், இந்தியா, வங்காளதேசம் என்று ஊர்ப்பெயர் காணலாம். கிளிநொச்சியில் இயந்திரம் பெற்றவளின் கைவண்ணம் அங்கே உண்டா? தேடிப் பாருங்கள்.

இனிக் கொட்டாஞ்சேனை ஒழுங்கைகளுக்குள் நுழையுங்கள். வீட்டுக்குள் இயந்திரத்தை மிதித்துக்கொண்டிருக்கும் தாயொருத்தி, புறக்கோட்டை வியாபாரி வெட்டிக் கொடுத்த துணியைத் துண்டுக் கணக்கில் தைக்கிறாள். நூல் அவள் செலவு. ஊசி அவள் செலவு. மின்சாரம் அவள் செலவு. கூலியை நிர்ணயிப்பவர் மட்டும் வியாபாரி. தான் விளைத்த வெங்காயத்துக்குத் தான் விலை கூற முடியாத வலிகாமத்து விவசாயிக்கு இவள் நிலையை விளக்கவும் வேண்டுமோ? இருவரும் ஒரே தராசில் ஏமாற்றப்படுகிறவர்களே.

இந்த வெள்ளவத்தைக்குத் துணி புதியதன்று. 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தோன்றிய நூற்பு நெசவாலை இங்கேதான் இருந்தது. 1933 இல் அவ்வாலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். கொல்வின் ஆர். டி சில்வா முதலிய இளைஞர்கள் அவர்கள் பக்கம் நின்றனர். அத்தொழிலாளரிற் பெரும்பாலோர் மலையாளிகள். அவர்களை அந்நியர் என்று பழித்து அப்போராட்டத்தை உடைக்க முயன்றோரும் தொழிற்சங்கத் தலைவர் என்ற பெயர் தாங்கியோரே! இன்று ஆலை இல்லை. அந்நிலத்தில் ஹவ்லொக் சிற்றியின் மாடிகள் வானளாவுகின்றன. நூல் நூற்ற மண்ணில் நூல் ஓர் இழையும் இல்லை.

கைத்தறியின் கதையும் அதுவே. இறக்குமதிக் கட்டுப்பாடு நிலவிய காலத்தில் மருதமுனைத் தறிகளும் வடபகுதி நெசவாளர் சங்கங்களும் தழைத்தன. 1977 இல் கதவு அகலத் திறக்கப்பட்டது, அந்நியத் துணி வெள்ளமாய்ப் பாய்ந்தது, தறிகள் ஓய்ந்தன. 1978 இல் கட்டுநாயக்காவிற் சுதந்திர வர்த்தக வலயம் எழுந்தது. இன்று இந்நாடு ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 500 கோடி டொலருக்கு ஆடை ஏற்றுமதி செய்கிறது. ஆனால் அவ்வாடைக்கான துணியிலும் நூலிலும் பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்தே வருகிறது. உலகக் குழந்தைகளுக்கு உடுப்புத் தைக்கும் கைகள் இங்கே. நம் குழந்தைக்கு உடுப்பு வருவதோ வேறெங்கிருந்தோ! 1983 ஆடியில் தமிழருடைய ஆலைகளும் துணிக்கடைகளும் தீக்கிரையானமை இக்கதையின் இன்னோர் அத்தியாயம். எரித்தவர் பழியை நாம் மறக்கவில்லை. ஆயினும் எரியாமல் எஞ்சியதை வளர்க்கத் தவறிய பழி யாருடையது?

“அந்நியச் சரக்கு மலிவு, ஏழைத் தாய் மலிவானதைத்தானே வாங்குவாள்?” என்று வினவுவோர் உளர். வினா நியாயமானதே. ஆனால் அம்மலிவின் விலையை எவரோ கொடுத்திருக்கின்றனர். 2013 இல் டாக்காவுக்கு அருகே ரானா பிளாசாக் கட்டடம் இடிந்து 1,134 தொழிலாளர் மாண்டனர். மலிவுச் சட்டையின் மடிப்புக்குள் அவர்கள் மூச்சும் இருக்கிறது.

குழந்தையும் விலை கொடுக்கக்கூடும். பல்லுக்கொழுக்கட்டை அவிக்கும் பருவத்துப் பிள்ளை கைக்கெட்டியதையெல்லாம் வாயில் வைத்துச் சப்பும். சட்டைக் கையும் அதற்கு உணவே. சில அசோச் சாயங்கள் சிதைந்து புற்றுநோய் விளைக்கவல்ல அமீன்களை வெளியிடும் என அறிந்தே ஜேர்மனி 1994 இலும், ஐரோப்பிய ஒன்றியம் 2002 இலும் அவற்றைத் துணியில் தடைசெய்தன. எச்சிலிற் கரையாத சாயமே சிசுவின் உடுப்புக்கு உகந்தது. இதைச் சோதித்து வாங்கும் கடைக்காரர் எத்தனை பேர்? கேட்டு வாங்கும் பெற்றோர் எத்தனை பேர்?

சாயத் தொழில் நமக்கு அந்நியமன்று. மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் கிண்டியெடுத்த சாயவேரை ஒல்லாந்தர் பொன்னாய் மதித்தனர். எண்ணெயும் சாம்பற்காரமும் ஊட்டி, கடுக்காயிலும் படிகாரத்திலும் தோய்த்து, வேர்ச்சாற்றிற் காய்ச்சிய பருத்தி நூல், வெளுக்க வெளுக்க மங்காத செந்நிறம் ஏற்றது. அவ்வேரைக் கிண்டும் ஊழியம் தாழ்த்தப்பட்ட மக்கள்மேற் கட்டாயமாய்ச் சுமத்தப்பட்டது என்ற வெட்கத்தையும் மறைக்கலாகாது. பழம்பெருமை பேசுவோர் அந்தக் கண்ணீரையும் சேர்த்தே பேசுக.

சாயத் தொழிலைத் தொடங்குமுன் திருப்பூரைப் பாருங்கள். பனியன் நகரம் என்று புகழ்பெற்ற அவ்வூரின் சாயக்கழிவு நொய்யலாற்றை நஞ்சாக்கியது. பாசனத்துக்கெனக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை கழிவுத் தேக்கமாயிற்று. உழவர் வழக்காடினர். 2011 சனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. யாழ்ப்பாணத்தில் ஆறில்லை, சுண்ணாம்புக்கற் கிணறே நமக்குக் கங்கை. சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் மிதந்த அவலத்தைக் கண்ட நாம், வீட்டுக்கு வீடு சாயத்தொட்டி வைத்துக் கழிவைக் கொல்லையில் ஊற்றச் சம்மதிக்கலாமோ? சாயமிடல் ஓரிடத்தில், கழிவு சுத்திகரிக்கும் ஏற்பாட்டுடன், நிபுணர் கண்காணிப்பில் நடைபெற வேண்டும். தையலும் பின்னலும் வீடுதோறும் நடைபெறலாம்.

ஆதலால் நாம் கேட்பது பிச்சையன்று, ஒழுங்கு. முதலாவது, இயந்திரம் பெற்ற பெண்கள் ஊர்தோறும் கூட்டுறவுச் சங்கமாய் இணையட்டும். நூலும் துணியும் சங்கமே மொத்த விலைக்கு வாங்கிக் கொடுக்கட்டும். பத்துப் பேர் தனித்தனியே வியாபாரியிடம் தலைவணங்குவதும், பத்துப் பேர் சேர்ந்து விலை பேசுவதும் ஒன்றாகா. இரண்டாவது, எந்திரவியலாளரும் இரசாயனம் கற்றோரும் தம் அறிவை அச்சங்கத்துக்கு ஈயட்டும். நிறம் நிலைக்கிறதா, பொத்தான் கழன்று பிள்ளையின் தொண்டையிற் சிக்குமா, கழுத்து நாடா இறுகுமா என்று பார்த்துச் சான்று வழங்கட்டும். கணக்காளர் கணக்கெழுதட்டும். மூன்றாவது, வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை வணிகர்கள் தம் கடையில் ஒரு தட்டையேனும் அவ்வுடுப்புக்கு ஒதுக்கட்டும். விற்ற பணத்தை மாதக்கணக்கில் இழுத்தடியாது கொடுக்கட்டும். நான்காவது, வைத்தியரும் சட்டத்தரணியும் தம் பேரப்பிள்ளைக்கு முதற்சட்டை அங்கே வாங்கட்டும். நுவரெலியாக் குளிரில் நடுங்கும் தோட்டத்துக் குழந்தைக்குக் கம்பளித் தொப்பியும் மேலங்கியும் பின்னும் வேலைக்கு முன்பணம் கட்டட்டும்.

“தையல் பெண்டிர் கைவேலைதானே” என்று இகழ்வோர்க்கு ஒரு சொல். நீங்கள் மேடையில் நின்று முழங்கும் வேட்டியும் சட்டையும் யாரோ ஒருத்தி கண் நோகத் தைத்தவை. கந்தையானாலும் கசக்கிக் கட்டச் சொன்ன சமுதாயம், கந்தையே கட்டிக்கொண்டு பிறர்க்குப் பட்டுத் தைப்பவளை ஏறெடுத்தும் பாராதிருப்பது தகுமோ?

இனியொரு முறை மேடையேறித் தையல் இயந்திரம் வழங்க முற்படும் பெரியோரை நாம் கேட்போம். ஐயா, இயந்திரம் நன்று, நூல் எங்கே? வாங்குபவர் யார்? ஆறு மாதம் கழித்து அவள் வீட்டு வாசலுக்கு வருவீரா? விடை கையில் இருந்தால் மாலை சூடிக்கொள்ளுங்கள். இல்லையேல் அம்மாலையின் விலைக்கும் நூல் வாங்கிக் கொடுங்கள்.