கடற்பிள்ளைக்குப் பாயத் தெரியுமாம்

யாழ்ப்பாணத் தீவகத்தில் நீச்சலைப் பற்றிப் பேச்செடுத்தால் தீர்ப்பு முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கும். “கடலுக்குள்ள பிறந்த பெடியனுக்கு டைவ் அடிக்கப் பழக்கவோ? அது கொழும்புப் பிள்ளையளுக்குத்தான் வேணும்.” ஊர்காவற்றுறை ஜெற்றியில் நிற்பவரும் இதைத்தான் சொல்வார், குறிகட்டுவானில் நெடுந்தீவுப் படகுக்குக் காத்திருப்பவரும் இதைத்தான் சொல்வார், ரொறன்ரோவிலிருந்து தொலைபேசி எடுக்கும் மாமாவும் இதைத்தான் சொல்வார். கேட்கப் பெருமையாக இருக்கிறது. ஆனால் போட்டித் தடாகத்தில் ஒரு பிள்ளையை முதல் ஆறு செக்கனுக்குள் பின்தள்ளுவதற்கு இந்த வசனமே போதும்.

கடல்தான் நீச்சற்காரரை உருவாக்கும் என்றால் ஹங்கேரியை என்ன செய்வது? அந்த நாட்டுக்குக் கடற்கரையே கிடையாது. அங்கிருந்துதான் கிறிஸ்டினா எகர்செகியும் கட்டிங்கா ஹொசுவும் கிறிஸ்டோவ் மிலாக்கும் ஒலிம்பிக் தங்கம் வென்றார்கள். 2004இலும் 2008இலும் தங்கம் வென்ற கேர்ஸ்டி கவன்ட்ரியின் சிம்பாப்வேயும் நிலத்தால் சூழப்பட்டதே. இந்தக் கேள்விக்கு இதுவரை எனக்குக் கிடைத்த மறுமொழி, “அது வேற” என்பது மட்டுமே.

நம்பிக்கையின் வேர் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். 1954இல் தொண்டைமானாறு நவரத்தினசாமி பாக்கு நீரிணையைக் கடந்தார். 1971இல் வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தன் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்குப் போய், கரையில் தங்காமல் திரும்பி நீந்தினார், 51 மணித்தியாலம். 1994இல் தமிழ்நாட்டுக் குற்றாலீசுவரன் பன்னிரண்டு வயதில் அதே நீரிணையைக் கடந்தார். மூவர் மீதும் எனக்குள்ள மதிப்பில் ஒரு குறையும் இல்லை. ஆனால் இவர்கள் எல்லோரும் நெடுந்தூரக்காரர்கள். ஆனந்தன் 1984இல் உயிரை விட்ட ஆங்கிலக் கால்வாயின் விதியைப் பாருங்கள்: நீந்துபவர் கரையில் நின்று நீருக்குள் இறங்கவேண்டும், அவ்வளவுதான். இரண்டு நாள் நீந்துபவர் தொடக்கத்தில் ஒரு செக்கன் விட்டால் என்ன, ஒரு நிமிடம் விட்டால் என்ன? அவர்களிடமிருந்து நாங்கள் எடுத்துக்கொண்ட பாடம், மூச்சும் மனத்திடமும் இருந்தால் எல்லாம் இருக்கிறது என்பது. ஐம்பது மீற்றர் போட்டியில் அந்தப் பாடம் உதவாது. உலகத்தரத்து ஆண்கள் அதை 21, 22 செக்கனில் முடிக்கிறார்கள். அதில் முதல் 15 மீற்றருக்கு ஐந்தரைச் செக்கன் அளவில் போகிறது. போட்டியின் கால்வாசி, பாய்ச்சலும் அதைத் தொடரும் நீரடி வழுக்கலும்தான்.

பாயும் மேடையை, பெடியள் புளொக் என்று சொல்வதை, ஒருமுறை கிட்ட நின்று பார்க்கவேண்டும். நீர்மட்டத்திலிருந்து அதன் உயரம் அரை மீற்றருக்கும் முக்கால் மீற்றருக்கும் இடையில்; சாய்வு 10 பாகைக்கு மேல் போகக்கூடாது. முன்காலின் விரல்கள் விளிம்பை மடக்கிப் பிடித்திருக்கும். 2009ஐ ஒட்டி வந்த புதிய மேடைகளில் பின்காலுக்கென்று ஒரு சாய்பலகை உண்டு. முன்பாதம் அதில் ஊன்றியிருக்க, பின்முழங்கால் ஏறத்தாழச் செங்கோணத்தில் மடிந்திருக்கும், இடுப்பு உயர்ந்து நிற்கும். சமிக்ஞை கேட்டதும் கால்கள் மேடையைப் பின்னால் தள்ளுகின்றன. கீழே அல்ல, பின்னால். முக்கால் செக்கனுக்குள் ஆள் மேடையை விட்டுவிடுவார். கிடைவேகம் செக்கனுக்கு நாலரை மீற்றர் அளவு. விழும்போது புவியீர்ப்பும் சேர, நீரைத் தொடும் வேகம் ஆறு மீற்றரைத் தாண்டும். அதே ஆள் கை போட்டு நீந்தும் உச்ச வேகம் இரண்டு மீற்றருக்குச் சற்று மேல். முழுப் போட்டியிலும் அவர் மிக வேகமாகப் போவது, நீந்தத் தொடங்குவதற்கு முன்புதான்!

இனி ஜெற்றிக்கு வருவோம். பெடியன் ஓடிவருகிறான், விளிம்பில் இரண்டு காலையும் சேர்த்து உதைக்கிறான், வானத்தைப் பார்த்து எழும்புகிறான். எவ்வளவு உயரம் போனான், எவ்வளவு தண்ணீர் தெறித்தது என்பதற்குத்தான் அங்கே கைதட்டல். தெறிக்கிற தண்ணீர் முழுவதும் அவன் கால்கள் சம்பாதித்த வேகம். மிச்சமும் நேரே அடிநிலத்தை நோக்கிப் போகிறது. போட்டிக்காரருக்கோ கை நுழைந்த துவாரத்தாலேயே தலையும் இடுப்பும் காலும் நுழையவேண்டும். ஒரு கை மற்றதன்மேல் படிந்து, மேற்கைகள் காதுகளின் பின்னால் இறுகியிருக்கவேண்டும். கடலில் பாய்பவன் தலையை நிமிர்த்துவது சரியான பழக்கம். வலைக்கயிறு, வள்ளம், சொறி எல்லாம் பார்த்தாகவேண்டும். தடாகத்தில் அதே பழக்கம் நெஞ்சால் தண்ணீரை அறைய வைக்கும். உப்புத்தண்ணீர் இன்னொரு சலுகையும் தருகிறது: நன்னீரைவிட நூற்றுக்கு இரண்டரைப் பங்கு அடர்த்தி கூட. அது மிதக்கவைத்த கால்களைத் தடாகம் தாழவிடும்.

நீருக்குள் போனபிறகும் கடற்பழக்கம் காலை வாரும். எங்கள் பிள்ளை உடனே மேலே வந்து கை போடத் துடிப்பான். நீரின் தடை வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுவது. வேகம் இருமடங்கானால் தடை நான்கு மடங்கு. மேற்பரப்பை ஒட்டிப் போனால் அலை கிளப்பும் செலவும் சேரும். அரை மீற்றர் ஆழத்துக்குக் கீழே அந்தச் செலவு பெருமளவு குறைகிறது. இதை அமெரிக்கர் டேவிட் பேர்க்கொவ் 1988 சியோல் ஒலிம்பிக்கில் நன்றாகக் காட்டினார். மல்லாக்கு நீச்சலில் தடாகத்தின் பெரும்பகுதியை நீருக்கடியிலேயே கடந்தார், தகுதிச் சுற்றில் உலக சாதனை. இறுதியில் அவரை வென்ற ஜப்பானியர் சுசுகி டைச்சியும் நீருக்கடியில் நெடுந்தூரம் வந்தவரே. உடனே எல்லை வைத்தார்கள்: முதலில் 10 மீற்றர், 1991இல் 15. 1998இல் வண்ணத்துப்பூச்சிக்கும் சுயாதீன நீச்சலுக்கும் அதே 15. மேலே நீந்துவது வேகமானதென்றால் இந்தச் சட்டம் எதற்கு?

இதுவரை பதக்கக் கணக்கு. உயிர்க் கணக்கு இனித்தான். புளொக் உள்ள தடாகத்துக்குச் சர்வதேச விதி, சுவரிலிருந்து 1 மீற்றரில் தொடங்கி 6 மீற்றர் வரை குறைந்தது 1.35 மீற்றர் ஆழம் கேட்கிறது. பழகியவர்களுக்கே அது ஆகக்குறைந்த அளவு. தீவகத்துக்குப் போகும் பண்ணைப் பாலத்தால் பஸ்ஸில் போகும்போது இருபுறமும் பாருங்கள். ஆட்கள் இடுப்பளவு தண்ணீரில் நடந்து வலை இழுக்கிறார்கள். அந்தக் கடலேரியின் கரைகளில் வளரும் பிள்ளைக்குத்தான் “உனக்குப் பாயத் தெரியும்” என்கிறோம். தலை அடிநிலத்தில் முட்டி நின்றுவிடும், பின்னால் வரும் உடலின் பாரம் நிற்காது. கழுத்தின் ஐந்தாம், ஆறாம் முள்ளந்தண்டு என்புகள் நொறுங்குவது இப்படித்தான். பிழைத்தாலும் கைகாலில் உணர்ச்சி திரும்பாமல் போகலாம். கடல் தெரிந்தவன் என்ற துணிவு ஆழத்தை அளக்க விடுவதில்லை.

“தடாகம் இல்லாமல் என்ன செய்வது?” என்று கேட்பார்கள். பாதி நியாயம். ஆனால் பாய்ச்சலின் முதல் பாதி தரையில்தான் இருக்கிறது. பாடசாலை மைதானத்து நீளம்பாய்தல் மணற்கிடங்கில் நின்றபடி பாயவிட்டு நாடாவால் அளந்து கொப்பியில் எழுதுங்கள். கிழமைக்குக் கிழமை அந்த எண் ஏறுகிறதா என்று பாருங்கள். கால்வலு கூடியவரே 15 மீற்றருக்கு முந்துகிறார். கை காதுக்குப் பின்னால் இறுகும் நிலையைச் சுவரோடு முதுகை ஒட்டி நின்று பழகலாம். தடாகம் கிடைக்கிற நாளில் நேரே புளொக்கில் ஏற்றிவிட்டு “பாயடா” என்று கத்தவேண்டாம். ஆழமான பக்கத்தில், முதலில் விளிம்பில் இருந்தபடி, பிறகு ஒரு முழங்காலில், பிறகு நின்றபடி, கடைசியில்தான் புளொக். கிழமைக்கு ஒரு மணித்தியாலம்தான் தருகிறார்கள் என்றால், அதில் முதல் இருபது நிமிடத்தை, பிள்ளைகள் களைப்பதற்கு முன், இதற்கு ஒதுக்குங்கள். ஜெற்றியில் குதிக்கிற பெடியள் குதிக்கட்டும், கால் முதலில் போகட்டும்.