கேமராவுக்கு எதிரே ஒரு ரசிகர்

சித்தூர், திருப்பதி ரசிகர்களுக்கு மொழி ஒரு தடையே அல்ல. 1911 வரை வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்த ஊர்கள் அவை. 'சைக்கோ' கொலைகாரன் கதை என்றால் அங்கே இரண்டு பெயர்களில் ஒரே படத்தைச் சொல்லலாம்: பாரதிராஜாவின் 'சிகப்பு ரோஜாக்கள்' (1978), அதன் தெலுங்கு வடிவம் 'எர்ர குலாபீலு'.

பணக்கார இளைஞனாக கமல்ஹாசன். அவன் வலையில் விழும் பெண்கள் தோட்டத்தில் புதைக்கப்படுகிறார்கள். மேலே ரோஜாச் செடி. ஆனால் படத்தின் நிஜமான பயங்கரம் தோட்டத்தில் இல்லை. அவன் செய்வதெல்லாம் படம் பிடிக்கப்படுகிறது. அதைப் போட்டுப் பார்த்து ரசிக்க ஒருவர் காத்திருக்கிறார். அவனை எடுத்து வளர்த்தவர்!

பின்னாளில் இதுவே ஒரு தனி ரகமானது. யாரோ எடுத்த வீடியோ கையில் கிடைத்தது என்ற பாவனையில் படம் எடுப்பது. நட்சத்திரம் வேண்டாம், செட் வேண்டாம். கேமரா ஆடினால் போதும். 1999இல் 'தி பிளேர் விட்ச் ப்ராஜெக்ட்' இந்த உத்தியில் வசூலைக் குவித்தது. 2007இல் வந்த 'தி பகீப்ஸி டேப்ஸ்' படத்தில், தொடர் கொலைகாரன் தானே பதிவு செய்த நூற்றுக்கணக்கான கேசட்டுகள் போலீசிடம் சிக்குகின்றன. இந்தியில் 2011இல் 'ராகினி எம்எம்எஸ்' வந்தது.

பாரதிராஜா படத்துக்கும் இவற்றுக்கும் ஒரு வித்தியாசம். அங்கே வீடியோ பார்ப்பவர் ஒரு பாத்திரம். அவரைப் பார்த்து அருவருப்படையலாம். இங்கே அந்த நாற்காலி காலி. டிக்கெட் வாங்கியவர் அதில் உட்காருகிறார்.

எல்லாம் நடிப்புதானே என்று சமாதானம் சொல்லலாம். 'கேனிபல் ஹோலோகாஸ்ட்' (1980) இயக்குநருக்கு இத்தாலியில் அந்தச் சமாதானம் போதவில்லை. நடிகர்கள் உயிரோடு இருப்பதை அவர் நிரூபிக்க வேண்டி வந்தது.

பொள்ளாச்சியில் நடந்ததோ நடிப்பே அல்ல. பெண்களைச் சீரழித்தவர்கள் அதைப் படம் பிடித்து மிரட்டினார்கள். 2019இல் வெளியே கசிந்த வீடியோ, பெண்ணின் கதறலோடு போனிலிருந்து போனுக்குப் பாய்ந்தது. அனுப்பியவர்களில் பலர் கோபத்தில்தான் அனுப்பினார்கள். ஆனால் கதறியவளுக்கு அதில் என்ன வித்தியாசம்? 2025 மே மாதம் கோவை நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை சிறைத் தண்டனை விதித்தது. வீடியோ கோர்ட்டுக்குப் போனால் சாட்சி. வாட்ஸ்ஆப்பில் சுற்றினால் இரண்டாவது குற்றம்.

1978இல் அந்த ரசிகருக்கு ஒரு பங்களா தேவைப்பட்டது. இப்போது சட்டைப் பையே போதும்.