மற்றவர்களுக்குச் சொல்கிறோம், நாம் செய்கிறோமா?



ஒக்டோபர் வந்தால் பிங்க் ரிபன் குத்துகிறோம், போட்டோ எடுத்துப் போடுகிறோம். நவம்பரில் மறந்துவிடுகிறோம். இந்த முறை அப்படி விட மனம் வரவில்லை. கொஞ்சம் காரமாகத்தான் எழுதுகிறோம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சென்ற வருடம் தாய்மாருக்கு ஒரு கருத்தரங்கு வைத்தோம். வந்திருந்த நேர்ஸ் மார்பக சுயபரிசோதனையை அழகாக விளக்கினார். மாதவிடாய் முடிந்து சில நாட்களில், முதலில் கண்ணாடி முன்னால் நின்று, பிறகு விரல்களின் உட்பக்கத்தால் வட்டம் வட்டமாக, அக்குள் வரைக்கும். பின்வரிசையில் இருந்த ஓர் உம்மா எழும்பிக் கேட்டார்: "மிஸ், நீங்க மாசா மாசம் பாக்குறீங்களா?"

நேர்ஸ் சிரித்துவிட்டார். "நேரம் எங்க ராத்தா?" என்றார். மண்டபமே சிரித்தது. ஆசிரியைகளான நாமும் சிரித்தோம். நாமும் பார்ப்பதில்லையே! சுகாதாரப் பாடம் படிப்பிக்கிற நாமே பார்ப்பதில்லை.

அந்த நேர்ஸை நாம் குறை சொல்லவில்லை. பல நாடுகளில் தாதியரிடமும் மருத்துவிச்சிகளிடமும் நடத்திய ஆய்வுகள் இதே கதையைத்தான் சொல்கின்றன. தெரிந்தவர்கள் அதிகம், ஒழுங்காகச் செய்பவர்கள் குறைவு. வேலைப்பளு உண்மைதான். ஆனால் மாதத்தில் பத்து நிமிடம் கிடைக்காதா? விஷயம் பயம். கைக்கு ஏதாவது தட்டுப்பட்டுவிடுமோ என்ற பயம். அதற்கு நாம் எல்லோரும் "நேரமில்லை" என்று பெயர் வைத்திருக்கிறோம்.

"சுயபரிசோதனையால் பிரயோசனம் இல்லை என்று ஆய்வே சொல்கிறதே" என்று படித்த சிலர் வருவார்கள். ஆம், சீனாவின் ஷங்ஹாய் நகரில் 266,064 ஆலைத் தொழிலாளப் பெண்களை வைத்து நடந்த ஆய்வு, அதைக் கற்றுக்கொடுத்ததால் மட்டும் மரணம் குறையவில்லை என்று 2002இல் சொன்னது. மறைக்க மாட்டோம். ஆனால் மும்பையையும் பாருங்கள். 1998இல் தொடங்கிய ஆய்வில், டாட்டா நினைவு வைத்தியசாலை பயிற்சி கொடுத்த சாதாரண சுகாதாரப் பணிப்பெண்கள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கையால் பரிசோதித்தார்கள். மெமோகிராம் மெஷின் எதுவும் இல்லை. 50 வயதைத் தாண்டிய பெண்களில் மார்பகப் புற்றுநோய் மரணம் ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்தது. ஆகவே வீட்டில் பார்ப்பது நம் உடம்பை நாம் அறிந்துகொள்ள. வித்தியாசம் தெரிந்தால் உடனே கிளினிக். ஒன்று மற்றதற்குப் பதிலாகாது.

அந்தக் கிளினிக்குக்கு நாம் என்ன செய்கிறோம்? 1996 முதல் நாட்டில் வெல் வுமன் கிளினிக் இருக்கிறது. எம்.ஓ.எச். ஒபிஸ் ஊடாக, இலவசமாக. 35 வயதானவர்களை முக்கியமாகக் கூப்பிடுகிறார்கள். மார்பையும் பார்க்கிறார்கள், கர்ப்பப்பைக் கழுத்தையும் பார்க்கிறார்கள். மிட்வைஃப் வீடு தேடி வந்து சொன்னால் நம் பதில்: "அவர்ட்ட கேக்கணும்", "வெக்கமா இருக்கு", "கட்டிதான், ஆனா நோகல்லயே". நோகவில்லை என்று நிம்மதியாக இருக்காதீர்கள்! புற்றுக்கட்டி ஆரம்பத்தில் பெரும்பாலும் நோகாது. எல்லாக் கட்டியும் புற்று அல்ல என்பதும் உண்மை. பார்த்தால்தானே தெரியும்?

வெட்கம் என்று ஹயாவை இழுப்பவர்களுக்கு ஒரு கேள்வி. மிட்வைஃபும் ஒரு பெண்தானே? முற்றிய பிறகு மஹரகமவில் எத்தனை டாக்டர்மார் முன்னால் படுக்க வேண்டிவரும் என்று யோசித்தீர்களா?

ஆண்களுக்கும் சொல்கிறோம். போட் எஞ்சினில் சின்னச் சத்தம் கேட்டால் அன்றைக்கே மெக்கானிக்கைத் தேடுகிறீர்கள். மனைவி "இங்க என்னவோ தட்டுப்படுது" என்றால் மட்டும் "பாப்போம், பாப்போம்". நோன்பு முடியட்டும், சீசன் முடியட்டும் என்று மாதங்கள் ஓடுகின்றன.

நம் ஆசிரியைகள் ஐந்து பேர் அடுத்த கிளினிக் நாளுக்குப் பெயர் கொடுத்திருக்கிறோம். அந்த நேர்ஸிடமும் பேசினோம், தானும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். வர விரும்பும் உம்மாமார், ராத்தாமார் இன்பொக்ஸில் பெயரைப் போடுங்கள். த்ரீவீலர் காசை நாம் பார்த்துக்கொள்கிறோம்.