பின்னல் என்னும் வசைச்சொல்

தமிழ் விமர்சனத்தில் ஒரு வசை நெடுநாளாகப் புழங்கிவருகிறது. நாவல் தட்டையாக இருந்து, எழுதியவர் பெண்ணாகவும் இருந்துவிட்டால் போதும். "ஸ்வெட்டர் பின்னியிருக்கிறார்" என்று ஒரே வரியில் தீர்ப்பு வந்துவிடும். கூட்டத்தில் சிரிப்பும் எழும். கை தன்போக்கில் இயங்க, மனம் எங்கோ கிடக்க, ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வதே பின்னல் என்பது இந்த வசையின் அடியிலுள்ள நம்பிக்கை. இதே விமர்சகர்கள் கோட்பாடு பேசும்போது மட்டும் பிரதி என்பது இழைகளின் பின்னலாகி மேன்மை பெற்றுவிடுகிறது. ரொலான் பார்த்தைத் துணைக்கழைத்து, 'டெக்ஸ்ட்' என்ற சொல்லின் லத்தீன் வேர் நெய்யப்பட்டதைக் குறிக்கும் என்று அடிக்குறிப்பும் போடுவார்கள். உருவகமாக வந்தால் உயர்வு, உழைப்பாக வந்தால் இழிவு. இந்த இரட்டை நாக்கைக் குறித்துச் சில வார்த்தைகள் சொல்லியாக வேண்டும் என்று நாங்கள் கருதுகிறோம்.

முதலில், நெசவும் பின்னலும் ஒன்றல்ல. நெசவில் பாவும் ஊடும் குறுக்காகக் கடக்கின்றன. தறியிலிருந்து இறங்குவது தட்டையான துணி. அதற்கு உடலின் வடிவம் வேண்டுமென்றால் கத்தரித்துத் தைக்க வேண்டும். இரண்டு ஊசிகளைக் கொண்டு பின்னும்போதோ ஒரே நூல் வளையத்துக்குள் வளையமாக நுழைந்து செல்கிறது. துணி உருவாகும்போதே அதன் வடிவமும் உருவாகிறது. தோள் எங்கே சரியும், குதிகால் எங்கே புடைக்கும் என்பதைப் பின்னுகிறவர் அப்போதைக்கப்போது தீர்மானித்துக்கொண்டே போகிறார்.

அதற்கான வழிகளில் மிக நுட்பமானதைக் குறைவரிசை என்று அழைக்கலாம். வரிசையை முடிக்காமல் நடுவிலேயே துணியைத் திருப்பிக்கொண்டு வந்த வழியே பின்னுவது அது. காலுறையின் குதிகாலை எடுத்துக்கொள்வோம். ஊசியில் 30 வளையங்கள் இருக்கின்றன. முதல் வரிசையில் கடைசி வளையத்தை விட்டுவிட்டுத் திரும்புகிறார்; மறுபுறமும் அவ்வாறே. இப்படி வரிசைக்கு ஒன்றாகக் குறைந்து, 20 வரிசைகள் முடியும்போது நடுவில் 10 வளையங்களே பின்னப்படுகின்றன. இருபுறமும் பத்துப் பத்து காத்திருக்கின்றன. பிறகு காத்திருந்தவற்றை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டு 30க்கு மீள்கிறார். கணக்குப் பார்த்தால் நடுவில் ஏறக்குறைய 40 வரிசைகள் ஏறியிருக்க, ஓரத்தில் ஒன்றோ இரண்டோதான் ஏறியிருக்கும். மிகுந்துபோன நடுப்பகுதி வேறு போக்கிடமின்றிப் புடைத்துக் கிண்ணமாகிறது. கத்தரியோ தையலூசியோ தொடாமலே குதிகாலுக்கு ஓர் இருக்கை கிடைத்துவிடுகிறது.

திரும்புகிற இடத்தில் ஓட்டை விழும் என்பது இதிலுள்ள சிக்கல். அடுத்த வளையத்தின் கழுத்தில் நூலை ஒருமுறை சுற்றிவிட்டுத் திரும்புவது ஒரு தீர்வு. ஜெர்மன் முறை என்று வழங்குவதில், திரும்பியதும் முதல் வளையத்தை இழுத்து அதன் இரு கால்களும் ஊசியின்மேல் தெரியும்படி நிறுத்தி, பின்னொரு சமயம் இரண்டையும் ஒன்றாகப் பின்னுவார்கள். ஜப்பானிய முறையில் திரும்பிய இடத்து நூலில் ஓர் ஊக்கைக் கோத்து அடையாளம் வைத்து, மீண்டு வரும்போது அந்த நூலைத் தூக்கி அடுத்த வளையத்தோடு சேர்ப்பார்கள். ஒரே ஓட்டைக்கு மூன்று விடைகள். எண்ணிக்கை பிசகினால் குதிகால் வேறெங்கோ போய் நிற்கும். மனம் எங்கோ கிடக்கச் செய்யக்கூடிய காரியமா இது?

நம் மரபு இந்த ஏளனத்தைச் செய்யவில்லை என்பதையும் நினைவூட்ட வேண்டியிருக்கிறது. பவணந்தி முனிவரின் நன்னூல், 'நூல்' என்ற சொல்லுக்குப் பெயர்க்காரணம் சொல்லுமிடத்தில், சொல்லைப் பஞ்சாகவும் புலவனை நூற்கும் பெண்ணாகவும் அவள் கையைப் புலவனின் வாயாகவும் நூற்கும் கதிரை அறிவாகவும் காட்டுகிறது. 13ஆம் நூற்றாண்டு இலக்கணக்காரருக்குப் புலவனைப் பெண்ணின் கைத்தொழிலோடு ஒப்பிடுவது கௌரவக் குறைச்சலாகப் படவில்லை. அறிவைக் கொண்டுபோய்ச் சுழலும் கருவியின் முனையிலல்லவா வைத்தார்! நமது நவீனர்களுக்கு எங்கிருந்து வந்தது இந்தத் தீட்டு?

பெரியதாழையில் மார்கழி விடியலிலும் எவருக்கும் கம்பளிச் சட்டை தேவைப்படுவதில்லை. இந்தப் பேச்சே நம் நிலத்துக்கு அந்நியம் என்று ஒதுக்குவோரும் இருப்பர். வேம்பாரில் தொடங்கும் தூத்துக்குடி மாவட்டக் கடற்கரை தெற்கே முடிவது பெரியதாழையில்தான். அங்கே வலையை விரித்துப்போட்டு உட்கார்ந்திருப்பவரின் கையில் இருப்பதும் இதே கணிதம். வீச்சு வலையை எடுத்துக்கொள்ளுங்கள். உச்சியில் சில கண்ணிகளோடு தொடங்கி, சுற்றுச் சுற்றாக இறங்கும்போது குறித்த இடைவெளிகளில் கண்ணிகளைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். கூட்டாவிட்டால் வலை குழாயாகிவிடும். அளவு மீறிக் கூட்டினால் விளிம்பு கொசுவம்போல் அலையும். சரியாகக் கூட்டிய வலையே வீசும்போது வட்டமாக விரிந்து, விளிம்பின் ஈயக்குண்டுகள் ஒருசேர நீரில் விழும்படி இறங்கும்.

செவுள் வலையில் தந்திரம் வேறு. இரண்டு பாக நீள வலையை ஒரு பாக நீளக் கயிற்றில் சுருக்கிக் கட்டுவதுண்டு. ஓரத்தில் குறைவு, உள்ளே மிகுதி. குதிகாலில் முடியாத வரிசைகள் செய்வதை இங்கே கயிறு செய்கிறது. எவ்வளவு சுருக்கினோம் என்பதைப் பொறுத்துக் கண்ணி நெடுக்காக நீண்டோ அகலமாக விரிந்தோ நிற்கிறது. எந்த மீன் சிக்கும், எது நழுவும் என்பதும் அதைப் பொறுத்ததே.

இப்படிப் புடைத்து நிற்கும் பைக்குக் கடற்கரையின் சொல் மடி. கரைமடி, இரட்டைமடி, சுருக்குமடி என்று தலைப்புச் செய்திகளில் நாம் எத்தனை முறை படித்திருக்கிறோம்! தடை, மறியல், வழக்கு, 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சுருக்குமடிக்கு நிபந்தனைகளோடு தந்த இடைக்கால அனுமதி எல்லாம் நமக்குத் தெரியும். மடி என்பது என்ன வடிவம், தட்டையான கண்ணிகளிலிருந்து அது எப்படி எழுகிறது என்று கேட்டவர் எத்தனை பேர்? நெய்தல் திணைக்கு உரை சொல்கிற பேராசிரியர்களும் கேட்டதில்லை. (நெய்தல் என்பதற்கு நெசவு செய்தல் என்றும் பொருளுண்டு. திணைப்பெயர் பூவினால் வந்தது. ஆனால் அந்தத் திணையின் ஆதாரத் தொழிலோ நெசவன்று, முடிச்சு. இந்த வேடிக்கையை யாராவது வகுப்பில் சொல்லலாம்.)

மணப்பாட்டைக் களமாகக் கொண்ட வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்' 1977இல் வந்தது. ஜோ டி குருஸின் 'ஆழி சூழ் உலகு' 2004இல் வந்தது. இரண்டையும் கொண்டாடிய மதிப்புரைகளில் எங்கள் கண்ணில் பட்டவையெல்லாம் பரதவர் துயரம், விசுவாசம், காமம், கடலின் பேருரு என்றே விரிகின்றன. வலை அங்கே வந்தால் விதியின் குறியீடாகத்தான் வருகிறது. குறியீட்டில் எத்தனை கண்ணி என்று எவரும் எண்ணுவதில்லை.

பெரியதாழையிலிருந்து அதிகத் தூரமில்லாத, உவரிக்குச் சற்று உள்ளே தேரிமணல் சூழ்ந்து கிடக்கும் இடையன்குடியை நம் அறிவுலகம் நன்கறியும். அங்கே வாழ்ந்த ராபர்ட் கால்டுவெல் 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தைச் சுற்றி அரசியலே எழுந்தது. அவரை 1844இல் மணந்த எலைசா, நாகர்கோவிலில் லேஸ் பின்னலைப் பெண்களுக்குக் கற்பித்த மார்த்தா மால்ட்டின் மகள். அத்தொழிலை இடையன்குடிப் பெண்களுக்குக் கொண்டுவந்தவர் எலைசாவே. திண்டில் குண்டூசிகளை நட்டுச் செய்யும் லேஸில், பட்டை வளைய வேண்டிய இடத்தில் வெளிவிளிம்புக்கு ஊசிகள் அதிகம், உள்விளிம்புக்குக் குறைவு. ஆகவே செய்பவர் உள்விளிம்பை எட்டாமல் பாதியிலேயே திரும்புகிறார். அதே குறைவரிசை! ஒரே கூரையின்கீழ் இரண்டு இலக்கணங்கள் இருந்தன. ஒன்றுக்குச் சிலை வைத்தோம். மற்றது 'மிஷன் பெண்களின் கைவேலை' என்ற அரைவாக்கியத்துக்குள் அடங்கிப்போயிற்று.

வெறும் மரியாதைப் பிரச்சினையாக இது நின்றிருந்தால் இவ்வளவு நீளமாக எழுதியிருக்க மாட்டோம். குமரிக் கரையிலும் தென்கேரளக் கரையிலும் கையால் வலை பின்னிப் பெண்கள் கூலி ஈட்டிவந்தார்கள். நைலான் வந்தது, இயந்திரத்தில் முடிந்த வலை எடைபோட்டு விற்பனைக்கு வந்தது, அந்த வேலை போயிற்று. கேரளத்து மீனவப் பெண்களைப் பற்றி லீலா குலாட்டி 1984இல் வெளியிட்ட ஆய்வில் இந்த இழப்பைக் காணலாம். போன கூலியைக் கணக்கிட முடியும். அதனோடு போன எண்ணும் அறிவை எப்படிக் கணக்கிடுவது? அது அறிவு என்றே ஒப்பாத ஒரு மொழியில், 'பொழுதுபோக்கு நின்றது' என்பதற்குமேல் எதுவும் எழுத முடியாது. வசைச்சொல் இப்படித்தான் கூலிவரை போகிறது.

இயந்திரத்தின் மீது எங்களுக்குப் பகையில்லை. ஜப்பானின் ஷிமா செய்கி நிறுவனம் 1995இல், தையலே இல்லாமல் முழு ஆடையையும் பின்னி இறக்கும் இயந்திரத்தை அறிமுகப்படுத்தியது. கூட்டுவது, குறைப்பது, வரிசையின் பாதியில் திரும்புவது என்று அதன் நிரல் செய்வதும் பாட்டிகள் செய்த வேலையே. நிரலாக எழுதினால் தொழில்நுட்பம், பாட்டி செய்தால் பொழுதுபோக்கு. நம் திருப்பூர் பெரும்பாலும் வேறு வழியில் போயிற்று: குழாயாகப் பின்னிய துணியை வெட்டித் தைப்பது. வெட்டில் விழும் மிச்சம் பனியன் வேஸ்ட்டாகி நாட்டின் பட்டறைகளில் எண்ணெய்க் கறை துடைக்கிறது. பாதியில் திரும்பத் தெரிந்த பின்னலில் துடைக்கக் கொடுக்க மிச்சம் விழாது.

'கைவேலையைப் புனிதப்படுத்துகிறீர்கள்' என்று எதிர்வினை வரும் என்பது தெரிந்ததே. மோசமான நாவல்கள் இருப்பதுபோல் மோசமான ஸ்வெட்டர்களும் இருக்கின்றன. தோள்பட்டையில் குத்தி, கழுத்தில் இறுக்கும். ஸ்வெட்டருக்கு விருது தாருங்கள் என்றும் நாங்கள் கேட்கவில்லை. மோசமான நாவலை மோசமான நாவல் என்றே சொல்லுங்கள். அதற்குத் தமிழில் சொல் பஞ்சமில்லை. மேலும், வடிவம் தெரியாமல் பக்கம் பக்கமாக நீண்டுசெல்லும் நாவலுக்குப் பின்னல் என்ற ஒப்புமையே பொருந்தாது. எங்கே நிறுத்தித் திரும்ப வேண்டும், எதைக் காத்திருக்க வைத்துப் பிறகு சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று அறியாத எழுத்துதான் அது.

சிறுபத்திரிகைகள் ஓவியருக்கும் கூத்துக் கலைஞருக்கும் பக்கம் ஒதுக்கிய நற்காரியத்தை நாம் அறிவோம். வலை பின்னுகிற ஒருவரைப் பெரியதாழையிலோ மணப்பாட்டிலோ சந்தித்து, அவர் துயரத்தை அல்ல, அவர் கணக்கைக் கேட்டு ஒரு நேர்காணல் வரட்டும். கிழிந்த வலையைப் பழுதுபார்ப்பதிலிருந்தே தொடங்கலாம். ஓட்டையை அப்படியே அடைக்க முடியாது. முதலில் கத்தியால் அதை இன்னும் பெரிதாக்கி ஒழுங்குபடுத்த வேண்டும். மூன்று கால் மிஞ்சிய ஒரு முடிச்சில் தொடங்கி, இடையிலுள்ளவை எல்லாம் இரண்டு காலோடு நிற்க, மூன்று கால் மிஞ்சிய இன்னொரு முடிச்சில் வந்து முடிக்க வேண்டும். அந்த முதல் முடிச்சுக்குப் பெரியதாழையில் என்ன பெயர், உவரியில் என்ன பெயர், வேம்பாரில் என்ன பெயர்? யாரேனும் கேட்டு எழுதினால் வெளியிட நாங்கள் காத்திருக்கிறோம்.