முட்டைக்கோசை விடுங்கள், காபியைக் கவனியுங்கள்

தைராய்டு குறைவு என்று டாக்டர் சொன்ன மறுநாளே நம் வீட்டுச் சமையலறையில் முதல் தண்டனை முட்டைக்கோசுக்கு. அடுத்து பூக்கோஸ், முள்ளங்கி. பிறகு உப்பு ஜாடி மாறும். அயோடின் உப்பு போய் இந்துப்பு வரும். மாத்திரை மட்டும் வழக்கம்போல விடியற்காலைக் காபியோடு உள்ளே போகும். எழுபதைத் தாண்டிய என் வயதுக்காரர்கள் பலரிடம் இதைத்தான் பார்க்கிறேன். பத்தியம் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை, தேவையில்லாத இடத்தில் இருக்கிறது என்பது என் கட்சி.

நான் டாக்டர் இல்லை, குமாஸ்தாவாகச் சேர்ந்து குமாஸ்தாவாகவே ஓய்வு பெற்றவன். ஆனால் பதினாறு வருஷமாக இந்த மாத்திரையைச் சாப்பிடுகிறவன். ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டுகளை தேதிவாரியாகக் கோப்பில் கட்டி வைத்திருக்கிறேன். அந்தப் புத்தி போகவில்லை.

காரைக்காலில் நான் படித்தது பிரெஞ்சு வழியில். கணக்குத் தப்பானால் எங்கள் வாத்தியார் "கிரெத்தேன்!" என்று கத்துவார். மடையன் என்று அர்த்தம் என்பது மட்டும் எங்களுக்குத் தெரியும். அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு நோய் இருக்கிறது என்பதை வெகுகாலம் கழித்துப் படித்துத் தெரிந்துகொண்டேன். ஆல்ப்ஸ் மலைக் கிராமங்களில் மண்ணிலும் தண்ணீரிலும் அயோடின் கிடையாது. தாய்க்கு அயோடின் இல்லாததால் பிள்ளை வயிற்றிலேயே வளர்ச்சி குன்றி, காது கேளாமல், பேச்சு வராமல் பிறக்கும். அவர்களுக்கு வைத்த பெயர்தான் பின்னால் வசவாகிவிட்டது. அயோடினைக் கண்டுபிடித்தவரும் ஒரு பிரெஞ்சுக்காரர்தான். பெர்னார் கூர்த்துவா என்பவர் 1811இல் வெடியுப்பு தயாரிக்கும் வேலையில், கடற்பாசிச் சாம்பலில் அமிலத்தைக் கூடுதலாக ஊற்றப்போக, ஊதா நிறத்தில் ஆவி கிளம்பியது. பள்ளிக்கூடத்தில் இதைச் சொல்லிக் கொடுத்திருந்தால் வசவாவது உறைத்திருக்கும்.

நம் நாட்டில் இமயமலை அடிவாரத்தில் இதே கதை. காங்ரா பள்ளத்தாக்கில் 1956இல் டாக்டர் ராமலிங்கசுவாமி தொடங்கிய ஆய்வு, உப்பில் அயோடின் சேர்த்தால் கழுத்துக் கழலை குறைகிறது என்று காட்டியது. 1962இல் தேசியத் திட்டம் வந்தது. கடைக்கு வரும் உப்பில் பத்து லட்சத்துக்கு 15 பங்காவது அயோடின் இருக்க வேண்டும் என்பது விதி.

இங்கே டெல்டாக்காரர்கள் ஒரு வாதம் வைப்பார்கள். "நாம் என்ன மலையிலா இருக்கிறோம்? வேதாரண்யம் பக்கத்தில் இருக்கிறது. கடல் உப்பில் இல்லாத அயோடினா?" வேதாரண்யத்து உப்பின் மீது எனக்கும் அபிமானம் உண்டு. ராஜாஜி 1930இல் திருச்சியிலிருந்து நடந்து போய் அள்ளிய உப்பு அல்லவா! ஆனால் கடல் நீரைக் காயவைத்து எடுக்கும் உப்பில் தங்கும் அயோடின் மிகச் சொற்பம். அது உடம்புக்குப் போதாது. இந்துப்பிலும் அப்படியே.

நமக்கெல்லாம் வந்திருக்கும் தைராய்டு குறைவு பெரும்பாலும் அயோடின் பற்றாக்குறையால் வந்தது அல்ல. நம் உடம்பின் எதிர்ப்பு சக்தியே தைராய்டு சுரப்பியைப் பகையென்று நினைத்து அரித்துவிடுகிறது. 1912இல் ஹாஷிமோட்டோ என்ற ஜப்பானிய மருத்துவர் விவரித்த நோய் இது. இதற்கு அயோடினைக் கூட்டினாலும் பலன் இல்லை, உப்பை மாற்றினாலும் பலன் இல்லை. இது தாத்தாவோடு முடிந்தால் பரவாயில்லை. தாத்தாவுக்குத் தைராய்டு என்று வீட்டு உப்பையே மாற்றுகிறார்களே, அதே அடுப்பில்தான் மாசமாக இருக்கும் மருமகளுக்கும் சமையல். அயோடின் அவசியம் தேவைப்படுவது அவளுக்கும் வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கும். தயவுசெய்து அந்த ஜாடியைத் தொடாதீர்கள்.

முட்டைக்கோஸ் பாவம். பச்சையாகக் கிலோக்கணக்கில் தின்றால் யோசிக்கலாம். வேகவைத்துத் தேங்காய் போட்டுச் செய்யும் கூட்டுக்கு இந்தப் பழி ஏற்காது.

இனி காபிக்கு வருகிறேன்.

என் பெரியக்காவுக்கு இந்த நோய் வந்தபோது டோஸ் 50 மைக்ரோகிராமில் ஆரம்பித்தது. டி.எஸ்.எச். இறங்கவில்லை. 75 ஆக்கினார்கள். அப்புறம் 100, அப்புறம் 125. கோஸ், முள்ளங்கி எல்லாவற்றையும் அக்கா நாலு வருஷம் தலைமுழுகியிருந்தார். கை கால் வீக்கம், மலச்சிக்கல், பகலெல்லாம் தூக்கம் எதுவும் போகவில்லை. ஒவ்வொரு தடவையும் டாக்டர் "வெறும் வயிற்றில்தானே சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்பார், அக்கா "ஆமாம்" என்பார், டோஸ் ஏறும். கூடப் போன நான் ஒருநாள் வழியில் கேட்டேன், எதோடு விழுங்குகிறீர்கள் என்று. "காபியோடுதான். வெறும் வயிறுதானேடா, காபி என்ன சாப்பாடா?" என்றார்.

அக்கா பொய் சொல்லவில்லை. நம் பக்கத்தில் காபி சாப்பாட்டுக் கணக்கில் சேராது. விரதம் இருப்பவரும் காபி குடிப்பார். "வெறும் வயிறு" என்ற வார்த்தை டாக்டருக்கு ஒன்று, தஞ்சாவூர்க்காரருக்கு வேறொன்று.

2008இல் இத்தாலிய மருத்துவர்கள் இதைச் சோதித்து எழுதினார்கள். எஸ்பிரஸோ காபியோடு மாத்திரை விழுங்கிய சிலருக்கு மருந்து சரியாக உறிஞ்சப்படவில்லை. தண்ணீரோடு விழுங்கிவிட்டுக் காபியை ஒரு மணி நேரம் தள்ளியதும் சரியானது. எஸ்பிரஸோ என்றால் வேறொன்றுமில்லை, கெட்டி டிகாஷன். கும்பகோணம் டிகிரி காபியில் பாலும் சேர்கிறது. பாலில் உள்ள கால்சியமும் இந்த மருந்துக்கு ஆகாது. மூட்டு வலிக்குச் சாப்பிடும் கால்சியம் மாத்திரை, சோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை இரண்டையும் நாலு மணி நேரமாவது தள்ளி வைக்க வேண்டும். அக்கா கால்சியத்தையும் அதே காபியில்தான் முடித்துக்கொண்டிருந்தார்!

டாக்டரிடம் போய் உள்ளதைச் சொன்னோம். முறையை மாற்றும்போது டோசையும் உடனே 100க்கு இறக்கினார். ஆறு வாரத்தில் டி.எஸ்.எச். தரைக்கு வந்துவிட்டது, 75 ஆக்கினார். இதில் ஒரு எச்சரிக்கை இருக்கிறது. இதைப் படித்துவிட்டு நாளையே நீங்களாகக் காபியைத் தள்ளி, 125ஐ அப்படியே தொடராதீர்கள். அதுவரை வீணாகிக்கொண்டிருந்த மருந்து முழுதாக ஏறினால் நம் வயதில் படபடப்பு வரும், இதயத் துடிப்பு தாறுமாறாகும், எலும்பு தேயும். டாக்டரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

காலைக் காபியைத் தள்ளவே முடியாது என்பவர்களுக்கு இன்னொரு வழி. நெதர்லாந்தில் 90 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2010இல் வந்தது. இரவு படுக்கும்போது மாத்திரை சாப்பிட்டபோது ரத்த அளவுகள் காலையைவிட நன்றாகவே இருந்தன. ராத்திரிப் பலகாரத்தை ஏழரைக்குள் முடித்து மூன்று மணி நேரம் சும்மா இருக்க முடிந்தால் இது சௌகரியம். அக்கா இப்போது அப்படித்தான். ஒன்பது மணிக்குப் பால் குடிக்கும் எனக்கு ஒத்துவராது.

பரிசோதனை பற்றி இரண்டு வார்த்தை. இந்த மருந்து ரத்தத்தில் பாதியாகக் குறையவே சுமார் ஒரு வாரம் ஆகும். ஆகவே டோசை மாற்றிய பத்தாம் நாள் ரத்தம் கொடுப்பது காசுக்குக் கேடு. ஆறிலிருந்து எட்டு வாரம் பொறுக்க வேண்டும். முடி கொட்டுகிறதென்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இரண்டு நாள் முன்பே அதை நிறுத்திவிட்டுப் போகவேண்டும், இல்லையேல் டி.எஸ்.எச். பொய்யாகக் குறைந்து காட்டக்கூடும். ஒரே லேப், ஒரே நேரம், அன்றைய மாத்திரைக்கு முன்னால் என்று நான் வைத்திருக்கிறேன்.

மாத்திரைப் புட்டியின் பெயரையும் எழுதி வையுங்கள். தைரோனார்மோ எல்ட்ராக்சினோ, எதுவானாலும் ஒன்றிலேயே இருப்பது நல்லது. கடைக்காரர் "ரெண்டும் ஒண்ணுதான் சார்" என்பார். பிரான்சில் 2017 மார்ச்சில் லெவோதிராக்ஸ் மாத்திரையின் மருந்தை மாற்றாமல், கூடச் சேர்க்கும் லாக்டோசை எடுத்துவிட்டு மானிட்டாலும் சிட்ரிக் அமிலமும் போட்டார்கள். அங்கே சுமார் 30 லட்சம் பேர் சாப்பிடும் மாத்திரை. ஆயிரக்கணக்கில் புகார் குவிந்து வழக்கு வரை போனது. அங்கிருக்கும் காரைக்கால் உறவுக்காரர்கள் அந்த வருஷம் போனில் வேறு எதுவும் பேசவில்லை. மாற்றித்தான் ஆகவேண்டும் என்றால் மாற்றுங்கள், ஆறு வாரம் கழித்து ரத்தம் பாருங்கள்.

"ஆயுசு முழுக்கவா?" என்று அலுத்துக்கொள்பவர்கள் உண்டு. ரிப்போர்ட் நார்மல் என்றதும் நிறுத்திவிடுவார்கள். மாத்திரையால்தான் அது நார்மல். 1891இல் இங்கிலாந்தில் ஜார்ஜ் மர்ரே என்ற டாக்டர் ஒரு பெண்மணிக்கு ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஊசியில் ஏற்றினார். அந்தம்மாள் பிறகு 28 வருஷம் இருந்து 74 வயதில் காலமானார். அதற்குச் செலவான ஆடுகள் 870க்கு மேல். நமக்கு ஒரு கடுகளவு மாத்திரை.

கடைசியாக, மாத்திரையே தேவைப்படாதவர்கள். பிள்ளைகள் அன்போடு பதிவு செய்துகொடுக்கும் முழு உடல் பரிசோதனையில் டி.எஸ்.எச். 6 என்று சிவப்பு எழுத்தில் வரும். டி4 சரியாக இருக்கும். வயது ஏற ஏற டி.எஸ்.எச். கொஞ்சம் ஏறுவது இயல்பு. 65 வயது தாண்டிய, இப்படி லேசாக ஏறிய 737 பேரை வைத்து ஐரோப்பாவில் செய்த ஆய்வு 2017இல் வெளியானது. மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் சும்மா மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் அசதியிலோ மற்ற தொந்தரவுகளிலோ வித்தியாசம் இல்லை. எங்கள் தெரு நண்பர் ஒருவருக்கு 6.2 வந்தது. மகன் அமெரிக்காவிலிருந்து தினம் ஒரு போன், ஏன் இன்னும் மாத்திரை ஆரம்பிக்கவில்லை என்று. டாக்டர் மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம் என்றார். பார்த்தார்கள், 4.8. மகன் இப்போது கொலஸ்ட்ராலுக்கு மாறிவிட்டான்.