சேனல் 4 ஒன்றும் குலசாமி இல்லை

நம்மில் பலருக்கு சேனல் 4 என்றால் ஒரே ஒரு இரவுதான். 2011 ஜூன் 14, பிரிட்டனில் ராத்திரி பதினோரு மணிக்கு 'இலங்கையின் கொலைக்களங்கள்' ஒளிபரப்பானது. கேலம் மக்ரே இயக்கி, ஜான் ஸ்னோ வழங்கியது. அன்றிலிருந்து அந்தச் சேனலைக் குலசாமி மாதிரி கும்பிடுகிறோம். "என்ன தைரியம்யா அவனுங்களுக்கு!" என்பதுதான் இன்றுவரை நான் கேட்கிற வசனம்.

இந்தத் தைரியப் பேச்சுதான் எனக்குக் கடுப்பு. நாலு வருஷம் முன்னால், 2007 ஜனவரியில், 'செலிபிரிட்டி பிக் பிரதர்' வீட்டுக்குள் ஷில்பா ஷெட்டி இனவெறிப் பேச்சுக்கு ஆளானதைக் காட்டிப் பார்வையாளர்களை அள்ளியதும் இதே சேனல்தான். ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காமுக்கு நாற்பதாயிரத்துக்கும் மேலே புகார்கள் போயின. அப்போது எங்கே போயிருந்தது அந்த வீரம்?

வீரம் எங்கேயும் போகவில்லை. விஷயமே வேறு. 1982 நவம்பர் 2-ஆம் தேதி தொடங்கிய இந்தச் சேனலுக்குச் சட்டம் போட்டது தாட்சர் அரசு (ஆமாம், அதே தாட்சர்!). பொதுச்சொத்து. ஆனால் பிபிசி மாதிரி லைசென்ஸ் கட்டணத்தில் ஓடுவதில்லை, விளம்பரக் காசில் ஓடுகிறது. லாபத்தைப் பங்கு போட்டுக்கொள்ள யாரும் கிடையாது, வருகிற பணம் நிகழ்ச்சிகளுக்கே திரும்பவேண்டும். ஐடிவி கண்டுகொள்ளாத ரசனைகளுக்கு இடம் கொடு, புதிதாக எதையாவது செய்துபார் என்று சட்டத்திலேயே எழுதிவைத்தார்கள். நிகழ்ச்சிகளைத் தானே தயாரிக்காமல் வெளியாட்களிடம் கேட்டு வாங்கியது. ஹனீஃப் குரேஷி எழுதிய 'மை பியூட்டிஃபுல் லாண்ட்ரெட்' (1985) அப்படி வந்ததுதான். ஒரு பாகிஸ்தானிக் குடும்பத்துப் பையனுக்கும் வெள்ளைக்காரப் பையனுக்கும் காதல். டிவிக்கென்று 16 எம்.எம்.மில் எடுத்த படம், தியேட்டருக்குப் போய் ஆஸ்கர் பரிந்துரைவரை போனது. எந்த விளம்பரதாரர் இப்படியொரு கதையைக் கேட்டு வாங்கியிருப்பார், சொல்லுங்கள்?

ஒரு கையில் பிக் பிரதர், இன்னொரு கையில் குரேஷி. குப்பை சம்பாதித்துப் போடும், நல்லது செலவழிக்கும். அசிங்கமான ஏற்பாடுதான், நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் கொலைக்களப் படம் நின்றது இந்த ஏற்பாட்டின் மேல்தான். அதன்மீது வந்த புகார்களையும் ஆஃப்காம் விசாரித்து, விதிமீறல் இல்லை என்றே சொன்னது.

2022 ஏப்ரலில் இதையெல்லாம் விற்றுவிடப்போவதாக அன்றைய கன்சர்வேட்டிவ் அரசு அறிவித்தது. அதற்கு முந்தைய வருஷம்தான், துறை அமைச்சர் நதீன் டோரிஸ் நாடாளுமன்றக் குழு முன்னால் சேனல் 4 பொதுப்பணத்தில் ஓடுவதாகப் பேசி, அங்கேயே திருத்தப்பட்டிருந்தார். விற்க வந்தவருக்கே சரக்கு என்னவென்று தெரியவில்லை! 2023 ஜனவரியில் திட்டம் கைவிடப்பட்டது. நடுவில் போன ஒன்பது மாதத்தில், வருஷா வருஷம் மே மாதம் அந்தப் படத்தின் துண்டுகளைப் பகிர்கிற நம் ஆட்கள் இதைப்பற்றி எழுதிய ஒரு வரி என் கண்ணில் படவில்லை.

பங்குதாரர்கள் கையில் இருந்திருந்தால், அந்த ஜூன் இரவு பதினோரு மணிக்கு என்ன ஓடியிருக்கும்? ஏதாவது பழைய ஹாலிவுட் படம். நடுநடுவே கார் விளம்பரம்.